80 லட்சம் ரூபாய்ப் படகு: கரை சேருமா கணக்கு?

திங்கள், புதன், சனி. ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்கு இந்த 3 நாட்கள்தான் தொழில். அன்றைக்கு விடிந்ததும் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க ஆட்கள் நெருக்கியடிப்பார்கள். ஜெட்டியில் ஐஸ் பாரை இயந்திரத்தில் கொடுத்து உடைத்து, கூடை கூடையாகப் படகின் அடியறைக்குள் சரிப்பார்கள். டீசல் கேன்கள் தோள் மாறித் தோள் போகும். சோறு பொங்க அரிசி, குடிதண்ணீர், இழுவை வலையான மடியை விரித்துப் பிடிக்கும் இரண்டு கனத்த பலகைகள், 5 அல்லது 6 பேர். அவ்வளவுதான் ஏற்பாடு. மறுநாள் காலை அதே படகு இறாலும் நண்டும் கணவாயும், சங்காயம் எனும் கழிவு மீனுமாகத் திரும்பும். கம்பெனிக்காரர் இறாலைத் தரம் பிரித்து எடை போடுவார். சங்காயம் மீன்மாவு ஆலைக்கு லாரி ஏறும். ஒரு ராத்திரி ஓட்டம், மறுநாளே பணம்.

இந்தத் தாளத்தில் இரண்டு தலைமுறை ஊறிய ஊரிடம்தான் 2017-ல் அரசு வேறொரு படகைக் காட்டியது. பாக் நீரிணையில் இழுவை மடி போடுவதை விட்டுவிடுங்கள், ஆழ்கடலுக்குப் போய் சூரை பிடியுங்கள் என்றது. ஆயிரங்கால் தூண்டிலும் செவுள்வலையும் போடும் வசதி, தூண்டிலை இழுக்க ஹைட்ராலிக் இயந்திரம், மீனைக் குளிரில் வைக்கும் அறை, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் என எல்லாம் பொருத்தப்பட்ட படகு. விலை 80 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு ஜூலை 27-ல் ராமேஸ்வரத்துக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி, முதல் பயனாளிகளுக்கு அனுமதிக் கடிதங்களைக் கொடுத்தார். 3 ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. எட்டியது இலக்கில் ஒரு சிறு துண்டைத்தான். படகு வாங்கியவர்களில் பலர் கடன் தவணைக்கும் கடல் செலவுக்கும் நடுவே திண்டாடுகிறார்கள். வாங்காதவர்கள் பழைய படகிலேயே எல்லையை ஒட்டி ஓடி, இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுகிறார்கள். 2024-ல் மட்டும் இப்படிக் கைதான இந்திய மீனவர்கள் 500 பேருக்கும் மேல்.

ஆகவே கேள்வி நேரடியானது. இவ்வளவு விலை கொடுத்து, எல்லா வசதியும் பொருத்திய படகை ஒரு மீனவர் சொந்தமாக வைத்துக்கொள்வதில் லாபம் உண்டா? படகு கடனில் வரும், கடல் செலவு வியாபாரியிடமிருந்து வரும், விலை சொல்ல மீனவருக்குக் கரையில் இடம் இருக்காது என்ற நிலையில் லாபம் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அதே படகு வேறு கையில், வேறு ஏற்பாட்டில் சம்பாதிக்கும். குறை இரும்பிலும் எஞ்சினிலும் இல்லை. படகை மட்டும் கொடுத்தால் தொழில் தானாக வந்துவிடும் என்று நம்பியதில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: ஒரு படகின் பணம்

2017 திட்டப்படி ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு மானியம் 50 சதவீதம், அதாவது 40 லட்சம். மாநில அரசு மானியம் 20 சதவீதம், 16 லட்சம். வங்கிக் கடன் 20 சதவீதம், 16 லட்சம். மீனவரின் கைப்பணம் 10 சதவீதம், 8 லட்சம். 2,000 படகுகளுக்கு மொத்தம் 1,600 கோடி ரூபாய். பயனாளி தன் பழைய இழுவைப் படகை உடைக்க வேண்டும், அல்லது பாக் நீரிணைக்கு வெளியே விற்றுவிட வேண்டும். பின்னர் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகின் மதிப்பு 1.20 கோடி ரூபாயாகக் கணக்கிடப்படுகிறது.

மலையில் இருப்பவருக்கு என்ன?

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டி இருக்கும் நாகலூரில் காபிக்கும் மிளகுக்கும் நடுவே வாழ்பவருக்கு இந்தக் கதையில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஒரு படகுக்கு 56 லட்சம் பொதுப்பணம். கடலைப் பார்த்தே இராதவரின் வரியும் அதில் இருக்கிறது. அந்தப் பணம் ஒரு மீனவர் குடும்பத்தை நிமிர்த்தினால் நாகலூரில் ஒருவரும் முகம் சுளிக்கப் போவதில்லை. அந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளிவிட்டுப் படகு கரையில் துருப்பிடித்தால், இரண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. விலை உயர்ந்த இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவதா, வேண்டாமா என்ற கேள்வி மலைக்குப் புதிதல்ல. இரண்டு ஏக்கர் காபி வைத்திருப்பவர் க்யூரிங் ஆலை கட்டுவதில்லை. பழத்தைப் பறிக்கிறார், உலர்த்துகிறார், அல்லது பல்ப்பரில் தோல் நீக்குகிறார். மிச்ச வேலையைப் பல தோட்டத்துக் கொட்டையும் வந்து சேரும் ஆலை பார்த்துக்கொள்கிறது. ஆலையை அவர் தலையில் 70 சதவீத மானியத்தோடு கட்டினாலும், அதை ஆண்டு முழுக்க ஓட்ட அவரிடம் கொட்டை கிடையாது. வாங்குவதற்கு ஆகும் பணம் ஒன்று, ஓட்டுவதற்கு ஆகும் பணம் வேறு என்பது மலை விவசாயிக்கு அனுபவத்தில் தெரிந்த கணக்கு. கடற்கரைத் திட்டத்தில் அந்த இரண்டாவது கணக்குத்தான் விட்டுப்போனது.

நாகலூருக்குக் கிட்டத்தில் இருக்கும் மீன்பிடித் தொழில் எது என்று பார்த்தால், அதே சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணையில் ஓடும் பரிசல்தான். ஒரு வட்டப் பரிசல், சில செவுள்வலைகள், ஒரு துடுப்பு. டீசல் இல்லை, தவணை இல்லை. மீன் கிடைக்காத நாளில் உழைப்பும் வலைத் தேய்மானமும் மட்டும்தான் போகும். பரிசல்காரர் பணக்காரர் ஆவதில்லை. ஆனால், மீன் குறைந்த மாதத்தில் பரிசல் அவரைத் துரத்துவதும் இல்லை. ஒரு தொழில் கருவியின் தரத்தை அதன் வசதியை வைத்து மட்டும் அளக்காமல், மோசமான மாதத்தில் அது தன் உரிமையாளரை என்ன செய்கிறது என்பதை வைத்தும் அளக்க வேண்டும்.

தவணை சின்னது, பயணம் பெரியது

'8 லட்சம் கொடுத்தால் 80 லட்சம் படகு, இதில் என்ன குறை?' என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். கடன் 16 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 10 ஆண்டு தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் 21,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். ஆண்டுக்கு இரண்டரை லட்சம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை நாட்கள். பழுது பார்க்கும் நாட்கள். இவற்றைக் கழித்தால், ஒரு பயணம் 20 நாள் என்ற கணக்கில் ஆண்டுக்கு 8 பயணம் போவதே பெரிய காரியம். ஒரு பயணத்தின் மேல் விழும் தவணைச் சுமை ஏறக்குறைய 32,000 ரூபாய். இதைப் பார்த்து ஒருவர் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது அடுத்த வரியில் இருக்கிறது. 240 குதிரைத்திறன் எஞ்சின் பாதிச் சுமையில் ஓடினாலே மணிக்கு 20 லிட்டர் டீசல் குடிக்கும். 20 நாள் பயணத்தில் பாதி நேரம்தான் எஞ்சின் ஓடுகிறது என்று வைத்தாலும் 4,800 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசலுக்கே 4 லட்சத்து 40 ஆயிரம். தமிழக அரசு ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் கொடுக்கிறது. ஓர் இரவு ஓடித் திரும்பும் படகுக்கு அது பெரிய உதவி. ஆழ்கடல் படகுக்கு 4 பயணத்தோடு தீர்ந்துபோகும். டீசலோடு தூண்டிலுக்கு இரை, ஐஸ், மளிகை, ஆட்களின் பேட்டா எல்லாம் சேர்த்தால் ஒரு பயணச் செலவு 6 லட்சத்துக்குக் குறையாது. இது ஒரு மாதிரிக் கணக்குத்தான். படகுக்குப் படகு மாறும். ஆனால் விகிதம் மாறாது. தவணை 32,000 என்றால் கடல் செலவு அதைப்போல 18, 19 மடங்கு.

இந்த 6 லட்சத்தை யார் கொடுப்பார்கள்? படகுக்கு மானியம் கொடுத்த அரசு பயணத்துக்குக் கொடுக்கவில்லை. படகுக்குக் கடன் கொடுத்த வங்கியும் கொடுக்கவில்லை. மீனவர்களுக்குக் கிசான் கடன் அட்டை 2018-19 முதல் உண்டு. 2025 பட்ஜெட்டில் வட்டிச் சலுகைக்கான அதன் வரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுதுக்குமான அந்த வரம்பு, ஒரே ஒரு ஆழ்கடல் பயணத்துக்குக்கூடப் போதாது. ஆகவே மீனவர் வழக்கமான இடத்துக்கே போகிறார். வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் வாங்கிய படகின் மீன், முன்பணம் கொடுத்தவரின் தராசில்தான் விழ வேண்டும். விலையை அவர் சொல்வார். இப்படியாக 56 லட்சம் பொதுப்பணத்தில் கட்டிய படகின் ஆதாயம், 6 லட்சம் கொடுத்தவரின் கைக்குப் போகிறது. இந்தத் திட்டத்தில் நம்மைக் கோபப்படுத்த வேண்டிய இடம் இதுதான்.

மூன்று வாரம் கடலில் இருப்பது யார்?

அடுத்தது ஆட்கள். பாக் நீரிணை ஆழமற்ற கடல். அங்கே சூரைக் கூட்டம் இல்லை. ஆழ்கடல் படகு மன்னார் வளைகுடாவைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போக வேண்டும். ஒரே இரவில் வீடு திரும்பிப் பழகிய டிரைவரும் தொழிலாளியும் மூன்று வாரம் கடலில் கிடக்கத் துணிவதில்லை. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். இழுவை மடி போடுவது ஒரு திறமை, கிலோமீட்டர் கணக்கில் தூண்டில் கயிற்றை விட்டு நீரோட்டம் பார்த்து மீண்டும் எடுப்பது முற்றிலும் வேறொரு திறமை. மத்திய மீன்வளப் பயிற்சி நிலையம் வகுப்பெடுக்கலாம். எந்த மாதம் எந்தப் பக்கம் சூரை ஓடும், எந்த ஆழத்தில் தூண்டிலைத் தொங்கவிட வேண்டும் என்பது பல பருவங்கள் கடலில் கழித்த பிறகே கைக்கு வரும். வகுப்பு முடித்தவர் அதைக் கற்றுத் தேறும்வரை தவணை காத்திருக்காது.

இதைவிட ஆழமான சிக்கல் பங்கு முறையில் இருக்கிறது. நம் கடற்கரையில் சம்பளத்தைவிடப் பங்குதான் பழைய வழக்கம். பிடித்த மீனை விற்ற பணத்தில் பொதுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் படகுக்குப் பங்கு, தொழில் கருவிக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. மீன் இல்லாத பயணத்தில் எல்லோருடைய கையும் வெறுங்கை. நஷ்டம் பகிரப்படுவதால்தான் இந்தத் தொழில் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது. விலை உயர்ந்த படகு இந்த ஒப்பந்தத்தைக் குலைக்கிறது. வங்கித் தவணை உரிமையாளர் ஒருவர் தலையில் மட்டும் நிற்கும். அதைக் கட்ட அவர் படகுப் பங்கைக் கூட்டுவார், ஆள் பங்கு குறையும். பங்கு குறைந்தால் தேர்ந்த ஆட்கள் வேறு படகுக்குப் போவார்கள். ஆள் பலம் குறைந்த படகு குறைவாகப் பிடிக்கும், உரிமையாளர் இன்னும் இறுக்குவார். எவ்வளவு நல்ல எக்கோ சவுண்டரும் இந்தச் சுழலை அறுக்காது.

தூண்டிலில் விழுந்த பிறகுதான் வேலை

சூரை விலை போகும் மீன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சூரை? மஞ்சள்துடுப்புச் சூரை தூண்டிலோடு போராடும்போது அதன் உடம்புச் சூடு ஏறும். அந்தச் சூட்டில் சதை வெந்ததுபோல் வெளுத்துவிட்டால், பச்சையாக உண்ணும் ஜப்பான் சந்தைக்கு அது போகாது. ஆகவே கொக்கியை உடம்பில் மாட்டாமல் தலையில் மாட்டித் தூக்க வேண்டும். மேலே வந்த கணமே மூளையில் ஊசி இறக்கி அடக்க வேண்டும். பக்கத் துடுப்புக்குப் பின்னால் கீறி ரத்தத்தை வடிக்க வேண்டும். செவுளையும் குடலையும் எடுத்துக் கழுவி, ஐஸ் கரைத்த கடல்நீரில் முழுக்க அமிழ்த்த வேண்டும். இதெல்லாம் நிமிடக் கணக்கில் நடக்க வேண்டும். ஆடும் படகில், ராத்திரியில், மீனுக்கு மேல் மீன் வந்துகொண்டிருக்கும்போது நடக்க வேண்டும். தாமதமானால் தரம் இறங்கும். குளிர் விட்டுப்போன சூரையில் ஹிஸ்டமின் ஏறும், சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை வரும், ஏற்றுமதிப் பெட்டி திரும்பி வரும்.

இதில் ஒரு படி தவறினாலும் அந்த மீன் உள்ளூர்ச் சந்தைக்குத்தான். தமிழ்நாட்டில் வஞ்சிரத்துக்கும் இறாலுக்கும் இருக்கும் மதிப்பு சூரைக்கு இல்லை. கறுத்த சதை, ரத்த வாடை என்று சேலத்துச் சமையலறையில் ஒதுக்குவார்கள். மேலே சொன்ன 6 லட்சம் செலவை ஈடுகட்ட, கிலோ 150 ரூபாய்க்குப் போனால் 4 டன் வேண்டும். 300-க்குப் போனால் 2 டன் போதும். அந்த 2 டன் வித்தியாசம்தான் லாபமும் நஷ்டமும். அதைத் தீர்மானிப்பது படகின் நீளமோ எஞ்சின் பலமோ அல்ல. மீனை அடக்கும் கை, துறைமுகத்தில் காத்திருக்கும் குளிர் லாரி, சான்று கொடுக்கும் ஆய்வகம், விலை சொல்லும் வியாபாரிகளின் எண்ணிக்கை. குந்துகாலிலும் மூக்கையூரிலும் துறைமுகம் கட்டியது நல்ல காரியம். ஆனால் படகு அணையும் சுவர் மட்டும் துறைமுகம் ஆகிவிடாது. ஹைட்ராலிக் கோளாறைச் சரிசெய்யும் மெக்கானிக்கும், குளிர்சாதனம் பார்க்கும் ஆளும், சூரை வாங்க நாலு பேரும் அங்கே இருக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: விசாகப்பட்டினம் ஏற்கெனவே சொன்னது

1980-களில் விசாகப்பட்டினத்தைத் தளமாகக் கொண்டு ஏறக்குறைய 180 பெரிய இறால் இழுவைக் கப்பல்கள் ஓடின. சலுகைக் கடனில் வாங்கியவை. வங்கக் கடலின் வடக்கே சாண்ட்ஹெட்ஸ் பகுதியில் ஒரே இறாலை எல்லாக் கப்பலும் துரத்தின. பிடிப்பு குறைந்தது, டீசல் விலை ஏறியது, 1990-களின் தொடக்கத்திலேயே பல நிறுவனங்கள் தவணை கட்ட முடியாமல் திணறின. அதே விசாகப்பட்டினக் கரையில், புடிமடகா போன்ற ஊர்களின் மீனவர்கள் சிறு படகில் கைத்தூண்டில் போட்டு மஞ்சள்துடுப்புச் சூரை பிடிக்கிறார்கள். லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் உயிருள்ள சிறுமீனை இரையாக வீசி, கம்புத் தூண்டிலால் வரிச்சூரையைத் தூக்குவது தலைமுறைத் தொழில். மாலத்தீவின் கம்புத்தூண்டில் சூரைக்கு 2012-லேயே உலகத் தரச் சான்று கிடைத்தது.

தூத்தூர் மட்டும் எப்படி?

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்தைப் பாருங்கள் என்பார்கள். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. இந்த 8 ஊர் மீனவர்களும் ஆழ்கடல் தூண்டிலில் நாட்டிலேயே பேர்போனவர்கள். லட்சத்தீவு தாண்டி, குஜராத் கடல், அரபிக்கடலின் நடுப்பகுதிவரை போகிறார்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்து சுறாவும் சூரையும் கொண்டுவருகிறார்கள். கொச்சியில் மீனை இறக்குகிறார்கள். அவர்களால் முடியும்போது ராமேஸ்வரத்தால் ஏன் முடியாது?

மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆழ்கடல் படகு லாபம் தரும் என்பதற்கு அவர்களே சாட்சி. ஆனால் அவர்கள் எந்த வழியாக அங்கே வந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டுமரத்தில் சுறாவுக்குத் தூண்டில் போட்டவர்களின் பிள்ளைகள், படகைச் சிறிது சிறிதாக நீட்டி, கடலில் தங்கும் நாட்களைக் கூட்டி, சந்தை எங்கே இருக்கிறதோ அங்கே மீனை இறக்கி வந்தவர்கள். படகு வருவதற்கு முன்பே ஆள் தயாராக இருந்தார். உறவுக்காரர்கள் பணம் போட்டுச் சேர்ந்து படகு வாங்குவது அங்கே சகஜம். நஷ்டம் வந்தால் பல வீடு தாங்கும். ஆடம்பரக் கருவிகளை அவர்கள் முதலில் வாங்கவில்லை. ஒரு கருவி தன் விலையைச் சம்பாதித்துக் காட்டிய பிறகு அடுத்ததை ஏற்றினார்கள். ராமேஸ்வரத்தில் படகு முதலில் வந்தது, மற்றதெல்லாம் பிறகு வரும் என்று விடப்பட்டது.

இலங்கையின் கதையும் இதையே காட்டுகிறது. நம் மீனவர்களிடம் பலரும் அந்த நாட்டின் பல நாள் கலங்களைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நீர்கொழும்பிலும் பேருவளையிலும் அந்தக் கலங்கள் 1980-களில் சிறு படகுகளிலிருந்து வளர்ந்தன. உள்ளூர்ப் பட்டறைகள் ஃபைபரில் கட்டின, உள்ளூரிலேயே பழுது பார்த்தன. அப்படியும் 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. கண்காணிப்பு இல்லாமல் மீன் பிடிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தடை நீங்க 2016 நடுப்பகுதி ஆனது. நல்ல படகும் தேர்ந்த ஆளும் இருந்தும், கரையில் ஆவணம் சரியில்லாததால் ஒரு நாட்டின் ஏற்றுமதியே நின்ற காலம் அது.

இழுவை மடி நிற்க வேண்டாமா?

நிற்கத்தான் வேண்டும். இதில் தயங்க ஒன்றுமில்லை. கடலடியை வாரி எடுக்கும் மடி, பாக் நீரிணையின் இந்தப் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாக்கிவிட்டது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் எல்லைக்கோடு போடப்பட்டபோது அவ்வளவு பெரிய பிரச்சினையாகத் தெரியாதது, விசைப்படகுகள் பெருகியபோது ரத்தப் பிரச்சினையானது. அந்தப் பக்கம் வலை அறுந்து நிற்பவர்கள் போரில் எல்லாவற்றையும் இழந்து 2009-க்குப் பிறகு மீண்டும் கடலுக்கு வந்த வடமாகாணத் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆகவே பாக் நீரிணைக்கு மாற்று வேண்டும் என்பதில் திட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் மாற்று என்பது முந்தியதைவிடப் பெரிய கடனாக இருந்தால், அது மீனவரைச் சட்டத்தின் எதிர்ப்பக்கம் தள்ளும். சுருக்குமடியில் நாம் பார்த்தது அதுதான். தமிழக அரசு 2000-லேயே தடை செய்த வலை அது. பின்னர் பல ஊர்களில் பெரும் பணம் போட்டு அதை வாங்கினார்கள். பணம் போட்டபின் தடையை ஏற்க யாராலும் முடியவில்லை. ஊருக்கு ஊர் மோதல், மறியல், கடைசியில் உச்ச நீதிமன்றம். 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் என்று இடைக்கால அனுமதி வந்தது. முதலீட்டின் கனம் விதியை வளைக்கும். சூரை கிடைக்காத ஆழ்கடல் படகு தவணைக்காக எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சூரையும் எல்லையற்ற மீன் அல்ல. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2016-லேயே மஞ்சள்துடுப்புச் சூரையை மீட்கத் தனித் திட்டம் போட வேண்டி வந்தது.

நம் கடலில் நாம் பிடிக்காவிட்டால் அயல்நாட்டுக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது இன்னொரு வாதம். 1991-ல் கூட்டு முயற்சி என்ற பெயரில் அயல் கப்பல்களுக்குக் கதவு திறந்தபோது, நாடு முழுக்க மீனவர்கள் போராடினார்கள். 1996-ல் மத்திய அரசு அமைத்த முராரி குழு அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. அந்தப் போராட்டத்தின் நியாயம் இன்றும் குறையவில்லை. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் முடிவு, ஆழ்கடல் நம் மீனவருக்கே என்பது மட்டும்தான். ஒவ்வொரு மீனவரும் தனித்தனியே கோடி ரூபாய்ப் படகு வாங்க வேண்டும் என்ற முடிவு அதில் இல்லை.

எந்தக் கருவிக்குக் கணக்கே பார்க்கக்கூடாது?

எல்லாக் கருவியும் வீண் என்று இந்த வாதத்தைப் படித்துவிடக்கூடாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர் வட்டாரப் படகுகள் பலவும் கரையின் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ வீடுகளில் உடலும் திரும்பவில்லை. அதன்பின் செயற்கைக்கோள் தொலைபேசி, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்று வந்தன. ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக அந்த டிரான்ஸ்பாண்டர் பொருத்த 364 கோடி ரூபாயில் மத்திய அரசு திட்டம் போட்டது. ஒரு படகுக்கு என்று பிரித்து, 80 லட்சம் ரூபாய்ப் படகோடு ஒப்பிட்டால் இது சில்லறைப் பணம். உயிர் காக்கும் இந்தக் கருவிகள் எவ்வளவு சின்னப் படகிலும் இருக்க வேண்டும், அரசுச் செலவில் இருக்க வேண்டும். மீனைத் தேடும் கருவிக்கு மட்டும்தான் லாப நஷ்டக் கணக்கு. மனிதனைத் தேடும் கருவிக்கு இல்லை.

சொந்தம், ஆனால் ஒருவருக்கல்ல

அப்படியானால் யார் வாங்கலாம்? 2025 அக்டோபர் 27-ல் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில், தலா 1.20 கோடி ரூபாய் மதிப்புள்ள ஆழ்கடல் படகுகள் மகாராஷ்டிர மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுக்கப்பட்டன. அடுத்த வாரமே, தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்கான புதிய விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீன் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் அதில் முன்னுரிமை. சிறு படகுகள் பிடிக்கும் மீனை நடுக்கடலிலேயே வாங்கிக் குளிரில் வைக்கும் தாய்க்கப்பல் முறைக்கும் இடமுண்டு. இது தனிநபர் கடன் என்ற பழைய தவறிலிருந்து ஒரு படி விலகிய பாதை. தாய்க்கப்பல் வந்தால் ஒவ்வொரு படகிலும் குளிர்சாதனத்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கரைக்கும் கடலுக்கும் ஓடும் டீசலும் மிச்சம்.

கூட்டுறவு என்றதும் நம் ஊரில் ஒரு பெருமூச்சு வரும். பலகை மட்டும் தொங்கும் சங்கங்களைப் பார்த்து வந்த பெருமூச்சு அது. ஆனால் திருவனந்தபுரத்தில் இருந்து இயங்கும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980 முதல் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். படகை வாங்கிக் கொடுத்து விலகாமல், கரையில் நடக்கும் ஏலத்தைச் சங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தார்கள். விற்ற பணத்திலிருந்தே கடனைப் பிடித்தார்கள். மீன் வந்த நாளில் தவணை, வராத நாளில் இல்லை. கடலின் போக்கோடு ஓடும் கடன் அது. மாதம் 5-ம் தேதி என்று கடல் கேட்காது என்பதை வங்கிகள் இன்னும் ஏற்கவில்லை.

தமிழக அரசு அடுத்த அனுமதிக் கடிதத்தைக் கொடுக்கும் முன் செய்யக்கூடிய வேலைகள் கண்ணெதிரே இருக்கின்றன. படகைத் தனிநபர் பெயரில் எழுதாமல், கடலுக்குப் போகும் ஆட்களையும் உறுப்பினராகச் சேர்த்த சங்கத்தின் பெயரில் எழுதலாம். படகு மானியத்தில் ஒரு பகுதியைச் சுழல்நிதியாக வைத்து, முதல் இரண்டு ஆண்டுகளின் பயணச் செலவுக்குக் கொடுக்கலாம். தூத்தூர்க்காரர்களை நல்ல சம்பளத்தில் அமர்த்தி, ராமேஸ்வரம் ஆட்களை அவர்களோடு கடலுக்கு அனுப்பி, ஒரு முழு ஆண்டு தொழில் கற்றபின் படகை ஒப்படைக்கலாம். பழைய இழுவைப் படகுக்கு உரிய விலையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அதை உடைக்க வேண்டும். குந்துகாலிலும் மூக்கையூரிலும் சூரை ஏலம் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் நடக்கும்படி செய்து, கொச்சி, சென்னை வியாபாரிகளை அங்கே வரவழைக்க வேண்டும். இவை நடக்கும்வரை, 8 லட்சம் கைப்பணத்தோடு விண்ணப்பம் நிரப்பும் ராமேஸ்வரம் மீனவர் வங்கி மேலாளரிடம் முதலில் கேட்க வேண்டியது படகுக் கடனைப் பற்றியல்ல, பயணக் கடனைப் பற்றி. அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த 8 லட்சத்தை வைத்துக்கொண்டு, உறவுக்காரர் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு சின்ன ஃபைபர் படகும் நல்ல செவுள்வலையும் வாங்கலாம். முன்பணம் இல்லாமல் அதைக் கடலில் இறக்க முடியும், பிடித்த மீனை யாரிடம் விற்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம்.